மூன்றாவது வரியில் ஒரு மூச்சு

தங்கச்சி,

என் வேடத்தை நீ எடுத்துக்கொண்ட கோபம் ஆறிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. ஒரு சந்தேகம் கேட்கத்தான் எழுதுகிறேன்.

நீ விலகிய பிறகு, தொண்டை தேறிய என்னிடமே ராணி வேடத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். கூடவே, நீ எட்டு வருடம் வைத்துப் பாடிய பாட்டுப் புத்தகத்தையும். கடைசிப் பாட்டில், மூன்றாவது வரியின் நடுவே மூச்சு எடுக்கப் பென்சிலால் கோடு போட்டிருக்கிறாய். எதற்கு? உன் நடிப்பை நான் ஆயிரம் குறை சொல்வேன். ஆனால் அதைப் போல இரண்டு வரிகளை ஒரே மூச்சில் பாடுகிறவள் நீ.

மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. நேற்று மேடையில் உன் கோட்டிலேயே நிறுத்திப் பார்த்தேன். சரியாக அந்த நொடியில் மேடை விளக்குகள் மங்குகின்றன. மற்ற நேரமெல்லாம் கண் கூசி, எதிரே வெறும் இருட்டு. அப்போது மட்டும் அரங்கில் இருப்பவர்களின் முகம் தெரிகிறது. முன்வரிசை ஓரத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது.

நாடகம் முடிந்ததும், வாசலில் டிக்கெட் கிழிப்பவரிடம் கேட்டேன்.

"அது உங்க சீட்டும்மா. அக்கா என்னைக்காவது வருவாங்கன்னு உங்க தங்கச்சி அதை யாருக்கும் குடுக்க விடல. அந்தப் பழக்கத்துலயே இன்னும் விட்டு வெச்சிருக்கோம். இனிமே குடுத்துடலாமா?"

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நாளைக்கும் மூன்றாவது வரியில் நிறுத்துவேன். எனக்கும் அங்கே மூச்சு தேவைப்படவில்லை.

அக்கா