காலணி அடியில் பசை

நிலவின் தென்முனை நிலையம். தலைவி ஷமீனாவின் பதிவு.

நாள் 41, 07:10
பனித் துளையிடல் திட்டப்படி நடக்கிறது. செடிக்கூடத்தின் தரை இணைப்பில் மயிரிழைக் கீறல். இங்கே என்னைத் தவிர இருப்பவன் பொறியாளன் வேதநாயகம் மட்டும். பசை போட்டு ஒட்டினான். நாளை வரை மிதிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனான்.

13:25
மிதித்துவிட்டேன். கையில் ஏந்தியிருந்த கீரைத் தட்டு கண்ணை மறைத்தது. காலை இழுத்தபோது ஒட்டின் ஓரம் கிளம்பியது. கையால் அழுத்திவிட்டேன். பார்வைக்கு ஒழுங்காக இருக்கிறது.

15:00
ஒவ்வொரு அடிக்கும் சப் சப்பென்று சத்தம். நான் ஆம்பூர்க்காரி. வீட்டில் எல்லோரும் ஷூ கம்பெனி வேலை. இளகிய பசையைச் சுரண்டினால் இழுபடும். காலணியைப் பனிப்பெட்டியில் வைத்தேன். இறுகியதும் பிளாஸ்டிக் கரண்டியால் தட்ட, செதில் செதிலாக உதிர்ந்தது. மிஞ்சிய பிசுபிசுப்புக்கு ஊறுகாய் எண்ணெய். எண்ணெய் போகச் சோப்பு.

அடி புதுசு போல ஆகிவிட்டது.

ஏன் மறைக்கிறேன்? போன வாரம் ஒரு மூடியைத் திறந்து வைத்ததற்காக, பூமி கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவனைத் திட்டித் தீர்த்தேன். கவனம் இல்லாதவனுக்கு இங்கே இடமில்லை என்றேன். இப்போது எந்த முகத்தோடு போய்ச் சொல்வது?

19:40
சாப்பிடும்போது, அந்தப் பக்கம் போனீங்களா என்று கேட்டான். இல்லை என்றேன். தட்டைப் பார்த்தே சாப்பிட்டு முடித்தேன்.

நாள் 42, 09:15
நாற்று நட உள்ளே போனான். ஒட்டு பிரிந்து, உள்ளிருக்கும் காற்று வெளியேறுகிறது. கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. நான் விண்ணுடை அணிந்து, இந்த அறையின் காற்றையும் வெளியேற்றிய பிறகுதான் திறக்க முடியும். அவனிடம் உடை இல்லை.

வானொலியில் அவன்: “அக்கா, ஒட்டு பிரிஞ்சிட்டு. நான் சரியா தேய்க்கல போல. கைய வச்சு அமுக்கிப் பாக்கேன், நிக்க மாட்டேங்குது. பூமில உங்கள ஏசுவாங்க. என் தப்புன்னே சொல்லிருங்க.”

நான்: “பேசாதே. மூச்சைச் சேமி.”

அதை மட்டும்தான் சொன்னேன்.

09:52
திறந்தேன். இறந்திருந்தான். கை ஒட்டின்மேலேயே இருந்தது.

நாள் 43, 11:00
பூமி: “அவர் கடைசியாகப் பேசியது எங்களுக்கும் கேட்டது. பழுது அவருடையது என்றே பதிந்திருக்கிறோம். உங்கள்மீது குறை இல்லை. நாகர்கோவிலில் அவர் அம்மாவுக்கு நாங்களே சொல்லிவிடுகிறோம்.”

11:05
மிதித்தது நான் என்றேன். சொன்னேன். ஆனால் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

11:06
பூமி: “தெளிவாக இல்லை. மறுபடி சொல்லுங்கள், தலைவி.”

11:20
இதைக் கண்டெடுப்பவரே, இன்னொரு முறை சொல்ல வாய் வரவில்லை. எத்தனையோ தடவை வானொலிப் பொத்தானை அழுத்தினேன், விட்டேன்.

11:31
முதலில் நான் பேசியது செடிக்கூடத்தின் தரையைக் கழுவ அனுமதி கேட்டதுதான் என்று பூமியிடம் சொன்னேன்.

அனுமதித்தார்கள்.