கண் திறக்காத குட்டிகள்

மச்சாள்,

இன்று காலை பாமசியில் கண் களிம்பு ஒன்று வாங்கினேன். யாருக்கு என்று கேட்டார்கள். பிள்ளைக்கு என்று சொல்லிவிட்டேன். வெளியே வந்த பிறகுதான் அது உன்னுடைய பொய் என்று நினைவு வந்தது.

வவுணதீவில் எங்கள் குசினி விறகுக்குப் பின்னால் பூனை மூன்று குட்டி போட்டிருந்தது. இரண்டு கிழமை கடந்தும் கண் திறக்கவில்லை. கண் திறக்குமுன் தொட்டால் தாய் விட்டுவிடும் என்பார்கள். நானும் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ மருந்துச்சாலையில் மருந்து கொடுப்பவள். வந்ததும் ஒன்றைத் தூக்கி, புடைத்திருந்த இமையைத் தடவினாய்.

"இது திறக்காத கண் இல்ல மச்சாள், திறக்க ஏலாத கண். உள்ளுக்குச் சீழ் கட்டிக் கிடக்கு. வீங்கினாப் பாத்துக்கிட்டு இருக்கப்படா."

கொதித்தாறிய உப்புத்தண்ணீரில் பஞ்சை நனைத்து, மூக்குப் பக்கமிருந்து வெளியே துடைத்தாய். இமை பிரிந்து மஞ்சளாய் வழிந்தது. ஒரு கண்ணுக்கு வைத்த பஞ்சை மற்றதற்கு வைக்க நீ விடவில்லை. பால் குடிக்காமல் சூடாகக் கிடந்த ஒன்று மறுநாள் செத்தது. கிருமி உடம்புக்குள் போய்விட்டது என்றாய். மற்ற இரண்டுக்கும் அன்டிபயோட்டிக் களிம்பு வேண்டும். வாவிக்கு அக்கரைப் பட்டணத்திலிருந்து எந்த மருந்து கொண்டுவந்தாலும் அந்தப் போர்க்காலத்தில் ஆமிக்காரர் சோதிக்கும் சென்றியில் காரணம் சொல்ல வேண்டும். பிள்ளையே இல்லாத நீ பிள்ளைக்கு என்று சொல்லிக் கொண்டுவந்தாய். பூனைக்கென்றால் பறித்திருப்பார்கள் என்று சிரித்தாய்.

ஒரு கிழமை பூச வேண்டிய களிம்பு ஐந்தாம் நாளே முடிந்தது. பட்டணத்துக்குப் போகிறவள்தானே, இன்னொன்று வாங்கி வா என்றேன். நீ போனாய். வரவில்லை.

பாதை பூட்டியிருக்கும், நாளைக்கு வந்துவிடுவாள் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்காம் நாள்தான் ஆமி முகாமுக்குப் போய்க் கேட்டேன். அப்படி ஒருத்தி வரவேயில்லை என்றார்கள். எனக்கு அழுகை வரவில்லை. வீட்டுக்கு வந்து, தண்ணீர் கொதிக்கவைத்து, குட்டிகளின் கண்ணைத் துடைத்தேன். இரண்டுக்கும் பார்வை தெரிந்தது. அதற்கும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

முதல் நாளே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் தெரியாது.

இப்போது என் மடியில் ஒரு தெருக்குட்டி. இமை லேசாகத்தான் வீங்கியிருக்கிறது. இரண்டு நாள் பொறுத்துப் பார்க்கலாமே என்கிறாள் பக்கத்து வீட்டுக்காரி. நல்ல மனுஷிதான். உனக்காக நான்காம் நாள்வரை பொறுத்தவள் நான் என்பது அவளுக்குத் தெரியாது. அடுப்பில் தண்ணீர் வைத்துவிட்டேன். இரண்டு கண்ணுக்கும் இரண்டு பஞ்சு கிள்ளி வைத்திருக்கிறேன், மச்சாள்.