யாருக்கு எதிரான ஸ்கீம்

புத்தளத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது சந்தியில் புதுப் பலகை ஒன்று நட்டிருந்தார்கள். தமிழில் வீடமைப்புத் திட்டம், ஆங்கிலத்தில் ஸ்கீம். அதை வாசித்ததும் உன்னிடம் சொல்லத் திரும்பினேன். நீ மவுத்தாகி, மண்ணுக்குள் போய் மூன்று மாதம்.

தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்து, இங்கே முகாமில் நீயும் நானும் அடுத்தடுத்த ஓலைக் குடிசைகளில் இருந்தோம். குடிதண்ணீருக்கு இரண்டு மைல் நடை. கிணறு கேட்டு வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்கு நீ சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் எழுதினேன். 'பெண்கள் கூடித் திட்டமிட்டோம்' என்பதற்கு, அகராதியில் கண்ட 'ஸ்கீம்' என்பதையே வினையாக்கிப் போட்டேன்.

அந்த நிறுவனத்திலிருந்து கடிதத்தோடு வந்த வெள்ளைக்கார அம்மா அந்த வரியில் விரலை வைத்து, "யாருக்கு எதிராக?" என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார். பெயர்ச்சொல்லாக நின்றால் திட்டம், வினைச்சொல்லானால் சூழ்ச்சியாம். கிணறு போச்சு என்று நினைத்தேன். நீ ஒழுங்கைப் பாதையைக் காட்டினாய்.

"இந்த நடைக்கு எதிராத்தான்."

உச்சி வெயிலில் நாற்பது பெண்கள் குடங்களோடு வந்துகொண்டிருந்தார்கள். கடைசியாக வந்தவள் நிறைமாதக் கர்ப்பிணி. அந்த அம்மா பிறகு கடிதத்தைப் பார்க்கவேயில்லை.

கிணற்றில் முதல் தண்ணீர் இறைத்த அன்றுதான் எனக்கு உறைத்தது. நாங்கள் தண்ணீருக்குப் போவது விடியற்காலையில், சுபஹு தொழுத கையோடு. அந்த அம்மா வந்த அன்று மட்டும் ஏன் நடுப்பகலில் என்று உன்னிடம் கேட்டேன்.

"நான்தான் வீடு வீடாப் போய்ச் சொன்னேன், அவ வாற நேரத்துக்குப் போங்கண்டு."

"அது பொய் இல்லையா, புள்ள?"

"ஒவ்வொரு நாளும் நடக்கிறோமே, அது பொய்யா? அண்டைக்கு அவ காணுற நேரத்துல நடந்தோம்." "நீ எழுதின சொல்லு சரிதான்" என்றாய்.

நீ சிரிக்கவில்லை. அந்த அம்மா வந்துபோன நாளிலிருந்து, அந்தக் கர்ப்பிணிக்குப் பிள்ளை பிறந்து நாற்பது நாள் கழியும்வரை அவள் வீட்டுக் குடத்தையும் நீதான் நிரப்பினாய்.

இப்போது ஊராருக்கு மனு எழுதிக் கொடுக்கிறேன். 'திட்டமிட்டோம்' வந்தால் 'பிளான்' என்றே போடுகிறேன். போன கிழமை எத்தாளைக் கிராமத்திலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். மழைக்கு அவர்களின் பாதை மூழ்கிவிடுகிறதாம். எழுதி முடித்து, "பார்க்க வாற ஐயா எப்ப வாறார்?" என்றேன்.

"நாங்க சொல்ற நாளைக்கு."

"மழை பெய்ற நாளாச் சொல்லுங்க. ஏலாதவங்கள, புள்ளத்தாச்சிகள மட்டும் அந்தத் தண்ணிக்குள்ள இறக்காதீங்க."