சொட்டுச் சொட்டாக

மார்ச் 4
வாயாடிக்கு இன்றும் ஊதாதான். எங்கள் ஆய்வகத்துக்கு வந்திருக்கும் புதுப்பெண். ஓயாத பேச்சுக்காக நான் வைத்த பெயர். கொதிக்கும் தங்க உப்புக் கரைசலில் சிட்ரேட் சேர்த்தால் தங்க நானோ துகள்கள் உண்டாகும். ஒரே அளவில் சிறிதாக இருந்தால் மாதுளைச் சாறுபோலச் சிவப்பு. தாறுமாறாகப் பெருத்தால் ஊதா. ஆய்விதழில் வந்த என் கட்டுரையில் சிவப்பு. அதைப் பார்த்துச் செய்பவளுக்கு வரமாட்டேன் என்கிறது. “என் கைக்கு ராசியே இல்லக்கா” என்றாள். சிரித்துவிட்டேன்.

மார்ச் 9
பேராசிரியர் அவளை எல்லார் முன்னும் வறுத்தெடுத்தார். “இந்த மாசத்துக்குள்ள சிவப்பு வரலன்னா வேற இடம் பார்த்துக்கோ.” நானும் தலையாட்டினேன். எதற்கு ஆட்டினேன்?

மார்ச் 10
பக்கத்தில் நின்று பார்த்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு சிட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விடுகிறாள். “நீங்க எழுதின மாதிரியேதான் விடுறேன், பாருங்கக்கா.”

நான் அப்படிச் செய்யவே இல்லை! கட்டுரைக்காகச் செய்த அன்று, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று மொத்தத்தையும் சடாரென்று கொட்டினேன். எழுத உட்கார்ந்தபோது அது அவசரக்குடுக்கை வேலையாகத் தெரிந்தது. ‘சொட்டுச் சொட்டாக’ என்று அழகாகப் போட்டேன். கொட்டியதால்தான் துகள்கள் எல்லாம் ஒன்றாகப் பிறந்து ஒரே அளவில் நின்றிருக்கின்றன. சே.

மார்ச் 11
“ஒரு தடவை மொத்தமா ஊத்திப் பாரேன்” என்றேன், பெரிய மேதை மாதிரி. குடுவை சிவந்தது. கட்டிக்கொண்டாள்.
“எப்படிக்கா தோணுச்சு?”
“அனுபவந்தான்.”
தூ. நானெல்லாம் ஒரு மனுஷி.

மார்ச் 16
இன்றைய கூட்டத்தில், இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று பேராசிரியர் கேட்டார். “நான்தான் செய்முறையைச் சரியா புரிஞ்சுக்கல சார்” என்றாள். என் பக்கம் திரும்பவில்லை. “அக்காகிட்ட நல்லா கத்துக்கோ” என்றார் அவர். நான் பிடித்துவைத்த பிள்ளையார்போல உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறந்தால் என்ன, முத்து உதிர்ந்துவிடுமா?

மார்ச் 17
சாப்பாடு இறங்கவில்லை.

மார்ச் 18
பேராசிரியரிடம் சொல்லிவிட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். “திருத்தம் எழுதி அனுப்பும்மா” என்றார். திட்டியிருக்கலாம்.

மார்ச் 19
இதழுக்குத் திருத்தம் போய்விட்டது. அவளிடமும் சொன்னேன், தரையைப் பார்த்துக்கொண்டு.

“தெரியும். குடுவை சிவந்தப்பவே தெரியும். நீங்களே சொல்வீங்கன்னு காத்திருந்தேன், மேடம்.”

குடுவைகளைக் கழுவ எடுத்துக்கொண்டு போனாள். சாயங்காலம் வரை ஆய்வகத்தில் பேச்சுச் சத்தமே இல்லை.