ஏரியில் விட்ட மோட்டார்

இன்று காலை கராஜில் பனி அள்ளும் ஸ்னோ ப்ளோயருக்குப் பெட்ரோல் ஊற்றும்போது கையில் கொஞ்சம் கொட்டிவிட்டது. சோப்புப் போட்டுத் தேய்த்தும் வாசனை போகவில்லை. அந்த வாசனையோடு நீயும் வந்து நின்றாய், ஜீன்ஸும் உன் வீட்டுக்காரருடைய தொளதொள ஸ்வெட்டருமாக. வந்தவள் சும்மா இருப்பாயா? அந்த ஏரிக்கரைக்கே இழுத்துப் போய்விட்டாய்.

மான்மவுத் ஜங்ஷன் என்ற ஊரில் எதிரெதிர் அபார்ட்மெண்டில் நாம் இருந்த காலம். நம் கணவன்மார் கூட்டாக ஒரு பழைய அலுமினியப் படகு வாங்கி ஏரிக்கரையில் கட்டி வைத்திருந்தார்கள். மீன் பிடித்த பாடில்லை. குளிர் தொடங்கியபோது இருவரும் டெக்சாஸில், க்ளையண்ட் ஆபீஸில். படகுத்துறைக்காரர் உனக்குப் போன் செய்து, இன்றிரவு தண்ணீரெல்லாம் உறைந்துவிடும், படகின் மோட்டாரைக் கழற்றி எடுத்துப் போங்கள் என்றார். அவர்கள் வரட்டுமே என்றேன் நான்.

"வேலைக்குப் போகக் கூடாதுன்னுதான் நம்ம விசாவுல போட்டிருக்கான். மோட்டார் கழட்டக் கூடாதுன்னு போடலையே? கிளம்புடீ" என்றாய்.

உன் வீட்டுக்காரர் போனிலேயே பாடம் எடுத்தார். "முதல்ல கயித்தை மோட்டார்ல கட்டு. இன்னொரு முனையைத் துறையில இருக்கற கம்பத்துல கட்டு. அப்புறம்தான் ஸ்க்ரூவை லூஸ் பண்ணணும்." வீட்டில் கயிறு இல்லை. உன் பழைய நூல் புடவை இருந்தது.

ஒரு முனையை மோட்டாரில் ஒழுங்காகத்தான் கட்டினாய். மறுமுனை தண்ணீரில் நனைகிறதே என்று, வீடு கழுவக் கிளம்புகிறவள் மாதிரி இடுப்பில் சுற்றி முடிச்சும் போட்டுக்கொண்டாய். கம்பத்தில் அப்புறம் கட்டிக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பாய். எனக்கும் அதில் தப்பு தெரியவில்லை. இடுப்பில் துணியை இறுக்காமல் நாம் எந்தப் பெரிய வேலையைத் தொட்டிருக்கிறோம்?

படகுத்துறையின் மரத்தளத்தில் மண்டியிட்டு, படகின் பின்பலகையில் மோட்டாரைப் பிடித்திருந்த திருகுகளைத் தளர்த்தினோம். சேர்ந்து தூக்கினோம். தூக்கிய வேகத்தில் படகு தளத்தை விட்டு விலகியது. நம் கைகளும் அதோடு நீண்டுகொண்டே போயின. மோட்டார் நழுவி இடைவெளியில் விழுந்தது. புடவை விறைத்தது. நீ குப்புற விழுந்து விளிம்பு வரை இழுபட்டாய். உன் தலை தண்ணீருக்கு மேலே தொங்கியது. இரண்டு பேருக்குமே நீச்சல் தெரியாது.

"என் மேல உக்காருடீ!" என்று அலறினாய்.

உன் கால்கள் மேல் உட்கார்ந்தேன். இழுபடுவது நின்றது. ஆனால் மோட்டாரின் மொத்தக் கனமும் உன் வயிற்றை நெரித்தது. உனக்கு மூச்சு வரவில்லை. நனைந்த முடிச்சை நகத்தால் நெம்பிப் பார்த்தேன், அசையவில்லை. பெட்ரோல் குழாய் கழலாவிட்டால் அறுக்கலாம் என்று கொண்டுவந்த காய் நறுக்கும் கத்தி பக்கத்தில் கிடந்தது.

"வெட்டாதே! மோட்டார் போயிடும்!"

"நீ போயிடுவேடீ, லூசு!"

வெட்டினேன். மோட்டார் குமிழி விட்டுக்கொண்டு உள்ளே போனது. நீ புரண்டு படுத்து என்னைத் திட்டினாய். திட்டிக்கொண்டே அழுதாய்.

அன்று சாயங்காலம் உன் வீட்டுக்காரர் போன் செய்து மோட்டார் எங்கே என்று கேட்டார். "ஏரியில பத்திரமா இருக்கு" என்றாய்.

பிற்பாடு இடுப்புக் காயத்துக்கு மருந்து தடவும்போது சொன்னாய், "தூக்கறதுக்கு முன்னாடியே எப்படி விடறதுன்னு பாத்துக்கணும்டீ." அன்றிலிருந்து சோபா தூக்கினாலும் வாஷிங் மெஷின் நகர்த்தினாலும், எதிரே நிற்பவரிடம் முதலில் அதைத்தான் கேட்கிறேன். என் மகள் கண்ணை உருட்டுகிறாள்.

போன வருடம் உன் கடைசி நாட்களில், ஆஸ்பத்திரியில் உன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உனக்குப் பேச்சே குறைந்துபோயிருந்தது. எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தேனோ தெரியவில்லை. "விடுடீ, வலிக்குது" என்றாய். கொஞ்சம் சிரித்தாய்கூட.

விட்டேன். கையை மட்டும்தான் விட்டேன்.