தாம்பாளத்துக்குப் பின்னால் நின்றவளுக்கு

என் சிந்தாதிரிப்பேட்டைக்காரிக்கு,

நேற்று எங்கள் கோவில் பிள்ளைகள் கிறிஸ்மஸ் நாடகம் போட்டார்கள். முடிந்ததும் இடையர்கள், இறக்கை கட்டிய சம்மனசுகள், ஏரோது ராசா என்று எல்லோரும் வேஷத்தோடு பக்கத்து அறைக்குள் வந்து குவிந்துவிட்டார்கள். முகம் துடைத்துவிடும் வேலை என் தலையில் விழுந்தது. உள்ளங்கையில் தேங்காயெண்ணெயை ஊற்றி ஏரோதின் கன்னத்தில் தேய்த்தேன். எண்ணெயும் பவுடரும் வேர்வையும் கலந்து ஒரு வாசனை எழும்பிற்று பார், என் கை அப்படியே நின்றுவிட்டது. "பாட்டி, கண்ணு எரியுது" என்று ஏரோது வேஷம் போட்ட சிறுமி கத்திய பிறகுதான் சுயநினைவு வந்தது. ஸ்டூடியோக் கிணற்றடியில் சாயங்காலம் தவறாமல் எதிரெதிரே உட்கார்ந்து நீ என் முகத்தையும் நான் உன் முகத்தையும் துடைத்துவிடுவோமே, அந்த வாசனை.

உனக்கு எழுத்து தெரியாது. தெரிந்திருந்தாலும் இனி இந்தக் கடிதம் உன் கைக்கு வரப்போவதில்லை. ஆனாலும் உனக்கு எதையும் படித்துக் காட்டிய பழைய வழக்கத்தை விட முடியாமல் வாய்விட்டுப் படித்துக்கொண்டே எழுதுகிறேன். பக்கத்து வீட்டுக்காரி எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும்.

யுத்த காலம். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே காலியாகி, பிறகு ஆட்கள் ஒவ்வொருவராகத் திரும்பிக்கொண்டிருந்த சமயம். ரங்கூனில் மரக் கம்பெனியில் கணக்கு எழுதிய என் வீட்டுக்காரர் திரும்பி வரவில்லை. காட்டுவழியே நடந்து வந்த எங்கள் கோவில் பங்கைச் சேர்ந்த ஒருவர், என் வீட்டுக்காரர் வழியில் காலராவில் போய்விட்டார் என்று சொல்லி, அவருடைய செபமாலையை என் கையில் வைத்தார். எங்கள் மகள் பிலோமினாவுக்கு அப்போது ஆறு வயது. அழுவதற்குக்கூட எனக்கு நேரம் கொடுக்காமல் கொழுந்தனார் வந்து உட்கார்ந்தார்.

"அண்ணி, பிலோ நன்மைக்குத்தான் சொல்றேன். மடத்துல விட்டுடுவோம். சிஸ்டருங்க நல்லா பார்த்துப்பாங்க. நீங்க அடையாறுல ஏதாவது பங்களாவுல ஆயா வேலைக்குப் போயிடுங்க. மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை போய் பிள்ளையைப் பார்த்துட்டு வரலாம்."

மாசத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை! பெற்றவளுக்கு அது போதுமாம். அவர் கெட்டவர் இல்லை. அவர் வீட்டிலேயே சோறு போட ஏகப்பட்ட வாய். கிறிஸ்மஸ் வரைக்கும் பொறுங்கள் என்று கெஞ்சினேன். "சரி. அதுக்குள்ள வாடகையை நீங்களே கட்டி, வீட்டை நீங்களே நடத்திக் காட்டினா பிள்ளை உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார். அன்றிலிருந்து பிலோ தூங்கும்போது அவள் காலைப் பிடித்துக்கொண்டேதான் தூங்கினேன். யாரோ தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் போல அப்படி ஒரு பயம்.

அடையாற்றுப் பக்கத்து ஸ்டூடியோவில் துணி தைக்க ஆள் வேண்டும் என்று யாரோ சொன்னதை நம்பி, சாந்தோமிலிருந்து நடந்து போனேன். தையற்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பொம்பளைகளை வைத்துக்கொள்வதில்லை என்று கதவைச் சாத்தினார். முழுக்கை ரவிக்கை, கையில் குடை, காலில் செருப்பு. எங்கே போவது என்று தெரியாமல் கேட்டருகே நின்றேன். அங்கே புங்க மரத்தடியில் ஒரு கூட்டம், கும்பல் காட்சிகளுக்கு ஆள் பிடிக்கும் ஏஜென்டுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. அதிலிருந்து உன் குரல்தான் முதலில் வந்தது.

"இன்னாமே, புள்ளய இஸ்கோல்ல சேக்க வந்தா மாரி நிக்கிற? இது ஸ்டூடியோ!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதைப் பார்த்ததும் உன் முகம் மாறிவிட்டது. எழுந்து வந்து என் கையிலிருந்த குடையைப் பிடுங்கி மரத்தில் சாய்த்தாய். செருப்பைக் கழற்றச் சொன்னாய். தலைமுக்காட்டை எடுத்து இடுப்பில் செருகிவிட்டாய். கேட்காமல் கொள்ளாமல் என்ன செய்கிறாள் இவள் என்று நான் திகைப்பதற்குள் ஏஜென்ட் வந்துவிட்டார். அவர் விரலை நீட்டி, "நீ வா, நீ வா, நீ வேணாம்" என்று ஆள் பொறுக்கிக்கொண்டே வந்தார்.

"நைனா, டீச்சரம்மா என்கூட வந்துது. மூஞ்சியப் பாரு, ராணி ஊட்டுப் பொண்ணு மாரி சோக்கா கீது" என்றாய்.

நான் டீச்சருமில்லை, உன்கூட வந்தவளுமில்லை. ஆனாலும் அந்த விரல் என் பக்கம் நீண்டது. அன்று முதல் நானும் எக்ஸ்ட்ரா ஆனேன். அரண்மனையில் தோழி, சந்தையில் தயிர்க்காரி, போரில் ஊரைவிட்டு ஓடுகிறவள். சாகும்வரை நீ என்னை டீச்சரம்மா என்றுதான் கூப்பிட்டாய்.

வேலை என்றால் காத்திருப்பதுதான் வேலை என்று இரண்டே நாளில் புரிந்தது. காலையில் முகத்தில் பவுடரை அப்பிவிடுவார்கள். மத்தியானம் வரை விளக்கு சரியில்லை, கதாநாயகி வரவில்லை என்று போகும். எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய சங்கடம் பொட்டுதான். எங்கள் வீட்டில் பொட்டு வைக்கும் வழக்கமில்லை. அதிலும் நான் தாலியறுத்தவள். மேக்கப்காரர் குங்குமத்தோடு கையை நீட்டியபோது நெற்றியைப் பின்னுக்கு இழுத்தேன். "கம்முனு காட்டுமே. பொயப்புக்கு வெச்ச பொட்டுன்னு உங்க சாமிக்குத் தெரியாதா?" என்றாய். எங்கள் கோவில் சாமியார்கூட அவ்வளவு தெளிவாக எனக்கு எதையும் சொன்னதில்லை. நெற்றியைக் காட்டினேன்.

வேலை தினமும் இருக்கவில்லை. ஒரு நாள் இருந்தால் இரண்டு நாள் மரத்தடியிலிருந்தே திரும்பவேண்டும். கிறிஸ்மஸ் நெருங்க நெருங்க வாடகைக் காசை எண்ணி எண்ணிப் பார்த்தேன். அப்போதுதான் அந்தக் கோயில் செட் போட்டார்கள். ராணி அம்மன் சன்னதியில் வந்து முறையிடுகிற காட்சி. ராணியை ஒட்டித் தாம்பாளம் ஏந்தி நிற்பதற்கு ஒருத்தி வேண்டும். உன்னைத் தேர்ந்தெடுத்தார்கள். நீ அன்றைக்கு நடந்த நடை இருக்கிறதே! எத்தனை வருஷமாகக் கும்பலில் பின்வரிசையிலேயே நின்றவள் நீ. தாம்பாளக்காரி முகம் திரையில் ராணியோடு கூடவே வரும். அந்தக் காட்சி முடிகிறவரை அவளை மாற்றவும் முடியாது, ஒரு நாள்கூட நிறுத்தவும் முடியாது. ஆள் மாறினால் ஜனங்கள் கண்டுபிடித்துவிடுவார்கள் அல்லவா? உன் தெருவில் எல்லோரிடமும் சொல்லிவைத்துவிட்டாய். "இந்தவாட்டி என் மூஞ்சி தெரியப் போவுது பாரு."

நான் உனக்கு நேர் பின்னால், தூணோரமாகக் கைகூப்பி நின்றேன். முதல் ஷாட். விளக்குகள் எரிந்தன. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். பூசாரி வேஷக்காரர் மணியை அடித்துக் கற்பூரத்தைத் தூக்கினார்.

சேசுவே! பிறந்ததிலிருந்து பூசையில் மணியடித்தால் தலை குனிந்து சிலுவை போட்டே பழகிய கை. எனக்கே தெரியாமல் நெற்றிக்குப் போயிற்று, நெஞ்சுக்குப் போயிற்று, இரண்டு தோளையும் தொட்டுவிட்டுத்தான் திரும்பி வந்தது.

"கட்! கட்! யாருய்யா அந்தப் பொம்பளை? அம்மன் சன்னதியில நின்னுக்கிட்டு சிலுவை போடுறா!"

டைரக்டர் தொப்பியைத் தரையில் அடித்தார். யுத்தத்தில் பிலிம் கிடைப்பதே குதிரைக்கொம்பாக இருந்த காலம் அது. வீணான பிலிமுக்கு யார் பதில் சொல்வது என்று கத்தினார். ஏஜென்ட் ஓடிவந்து என் தோளைப் பிடித்து, "இனிமே இந்தப் பக்கமே வராதே. வேஷத்தைக் கழட்டு" என்றார். செட்டே என்னைப் பார்த்தது. எனக்கு அவர்கள் யாரும் தெரியவில்லை. மடத்துக் கதவும் அதற்குள் போகிற பிலோவின் முதுகும்தான் தெரிந்தன.

அப்போது நீ சிரித்தாய். சின்னச் சிரிப்பா அது? கூரை அதிர்ந்தது.

"இதுல என்ன சிரிப்பு?" என்று டைரக்டர் உன்மேல் பாய்ந்தார்.

"பின்ன இன்னா சார்? எங்களயெல்லாம் பக்தியா நில்லு, பக்தியா நில்லுன்னு காலைலேர்ந்து கத்திகினு கீற. இது ஒண்ணுதான் நெசமாவே பக்தியா நின்னுது. அத்தப் போயி வெரட்டுறியே! மணி அட்சா கை தன்னால போவுது, அது பயக்கம் சார். ரெண்டு கைலயும் எதுனா புட்ச்சிகினு இருந்தா கை எங்க போவும்?"

சொன்னதோடு நிற்கவில்லை. தேங்காய், பழம், பூ எல்லாவற்றோடும் அந்தப் பித்தளைத் தாம்பாளத்தைத் தூக்கி என் கைகளில் வைத்தாய். கனத்தில் என் முழங்கை இறங்கிவிட்டது. என்னை உன் இடத்தில் தள்ளிவிட்டு நீ தூணோரம் போய்க் கைகூப்பி நின்றுகொண்டாய்.

டைரக்டர் என்னைப் பார்த்தார், தாம்பாளத்தைப் பார்த்தார், கடைசியில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "கீழே போட்டுடாதேம்மா" என்றார். மறுபடியும் மணி அடித்தது. என் விரல்கள் துடித்தன. ஆனால் தாம்பாளம் அசையவில்லை.

சாயங்காலம் கிணற்றடியில் உன் முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டேன். "ஏண்டி அப்படிச் செஞ்சே? பின்னாடி நின்ன யார்கிட்டேயாவது ஒரு பூத்தட்டை வாங்கிக் குடுத்திருக்கலாமே."

"வேற எவ குடுப்பா?" என்றாய். அப்புறம் கண்ணை மூடியபடியே சொன்னாய்: "ஒனக்குப் பொண்ணு கீது டீச்சரம்மா. எனக்கு மூஞ்சி மட்டும்தான கீது. அது எங்க பூடப் போவுது?"

உனக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து இரண்டும் தங்கவில்லை என்று அதற்கு முன்பே என்னிடம் சொல்லியிருந்தாய். உன் கன்னத்தை மெதுவாகத் துடைத்தேன்.

அந்தச் செட் கிறிஸ்மஸ் வரை இருந்தது. ராணிக்கு ஜுரம் வந்தது, அம்மனின் கிரீடம் உடைந்தது, காட்சி நீண்டுகொண்டே போயிற்று. தாம்பாளக்காரி இல்லாமல் ஒரு ஷாட்டும் ஓடாது என்பதால் தினமும் எனக்கு வேலை. உன்னை மட்டும் நடுவிலேயே சில நாள் வேண்டாமென்று அனுப்பிவிட்டார்கள். அப்போதும் நீ மரத்தடிக்கு வந்து உட்கார்ந்து, சாயங்காலம் என் முகத்தைத் துடைத்துவிட்டுத்தான் போனாய்.

பண்டிகையன்று கொழுந்தனார் வந்தார். வாடகைச் சீட்டைக் காட்டினேன். பிலோ புதுப் பாவாடையில் சுற்றிச் சுற்றி வந்தாள். எங்கே வேலை என்று கேட்டார், சொன்னேன். "சினிமாவுலயா! சாமியாருக்குத் தெரிஞ்சா?" என்றார். "அவர் கேட்டா நான் சொல்லிக்கிறேன் தம்பி. நீங்க சாப்பிடுங்க" என்று இலை போட்டேன். சாப்பிட்டார். மடத்துப் பேச்சை அதற்குப் பிறகு எடுக்கவேயில்லை.

படம் வந்தபோது உன் தெருப் பெண்களோடு என்னையும் பிலோவையும் இழுத்துக்கொண்டு போனாய். பெண்கள் பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். உன் முகத்தைப் பார்க்கத்தானே அத்தனை பேரும் வந்திருந்தார்கள்! கோயில் காட்சி வந்தது. ராணி, பக்கத்தில் நான், அப்புறம் தேங்காய், பழம், பூ. தூணோரம் ஒரு சேலைத் தலைப்பு மட்டும் தெரிந்தது.

யாரோ, "எங்கடி நீ? காணோமே" என்று கேட்டாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அதோ, தட்டுக்குப் பின்னாடி கீறேன்! அத்த உடு, மின்னாடி யாரு பாரு, நம்ப டீச்சரம்மா! நம்ப பிலோவோட அம்மா!" என்று எழுந்து நின்று கத்தினாய். பெஞ்சு முழுவதும் கைதட்டிற்று. பிலோ பெஞ்சில் ஏறி நின்று குதித்தாள். உன் முகத்தைத் திரும்பிப் பார்த்தேன். ஒரு சொட்டுக்கூட வருத்தமில்லை. அடிப்பாவி, எப்படி உன்னால் முடிந்தது? இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

பிலோ படிப்பை முடிக்கிறவரை நான் ஸ்டூடியோக்களுக்குப் போய் வந்தேன். நீ அதற்கு வெகுகாலம் முன்பே, ஒரு மழைக்காலத்துக் காய்ச்சலில் போய்விட்டாய். ஆஸ்பத்திரியில் உன் முகத்தைக் கடைசியாகத் துடைத்துவிட்டதும் நான்தான். மரித்தவர்களின் திருநாளன்று பூசைக்குக் கொடுக்கும் பெயர்களில் உன் பெயரும் உண்டு. முதல் வருஷம் இந்துப் பெயரைப் பார்த்துச் சாமியார் புருவத்தைத் தூக்கினார். "எங்க வீட்டு மனுஷி, சாமி" என்றேன். அப்புறம் கேட்பதில்லை.

என்னிடம் நீ விட்டுப்போனது என்ன என்று நேற்றிலிருந்து யோசிக்கிறேன். நகையில்லை, படமில்லை, உன் கையெழுத்துகூட இல்லை. பிலோவுக்கு நான் தலைவாரிய நாட்களெல்லாம் இருக்கின்றன. அவளுக்கு அம்மை போட்டபோது பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது, பரீட்சையில் கோட்டைவிட்டதற்கு முதுகில் ஒன்று வைத்தது, கல்யாணத்துக்கு வேறு சேலைதான் வேண்டும் என்று அவள் என்னோடு ஒரு வாரம் பேசாமலிருந்தது. மாசத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு இதெல்லாம் எங்கே கிடைத்திருக்கும்?

இன்று காலையில்கூட, மாத்திரை போடவில்லை என்று பிலோ என்னைப் பிடித்துக் கத்து கத்தென்று கத்தினாள். தெருவுக்கே கேட்டிருக்கும். மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் கத்தட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.