தீர்த்தம் ஊற்றிய பேட்டரி

மரகாய்போ,
டிசம்பர் முதல் வாரம்.

அன்பு மகள் நெய்லாவுக்கு,

உனக்குச் சளி காய்ச்சல் ஒன்றும் இல்லை, வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம் என்று அடுத்த வரி எழுத வேண்டும், அது பொய், அதனால் எழுதவில்லை. பக்கத்து வீட்டு பெல்கிஸ் மகனைப் பார்க்க சிலிக்குக் கிளம்புகிறாள், அவள் கையில் இதைக் கொடுத்து விடுகிறேன். அப்பா எதற்குக் கடிதமெல்லாம் எழுதுகிறார் என்று யோசிக்காதே. வீட்டில் இருப்பது ஒரே போன், நான் உனக்கு என்ன அனுப்பினாலும் உன் அம்மா படித்துவிடுவாள், நீ கூப்பிட்டால் என் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறாள். உனக்குத் தெரியக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். அதை இப்போது உடைக்கிறேன், எனக்கு வேறு வழி தெரியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டாயே, "நான் ஊரைவிட்டு வந்ததுல அம்மாவுக்கு இன்னும் கோவம் தீரலையாப்பா, அதான் பேச மாட்டேங்குறாங்களா" என்று. கோபம் இல்லை நெய்லா. அவளுக்குக் குரல் இல்லை. நீ கிளம்பின மாசமே தொண்டையில் ஒரு கட்டி இருப்பதாக டாக்டர் சொல்லிவிட்டார். மைக் இருந்தால் மெல்லப் பாடலாம், மைக் இல்லாமல் ஒரு வரிகூடக் கூடாது, சத்தம் எடுத்தால் கட்டி உடையும் என்றார். திருவிழா நேரத்தில் கெய்த்தாப் பாட்டுப் பாடாதே என்று உன் அம்மாவிடம் சொல்லிப் பார், உனக்கே தெரியும். அதனால் அவளுக்காக நான் மைக் செட்டை மாற்றிக் கட்டினேன். தெருவில் கரண்டை நம்ப முடியாது, எனவே பழ வண்டி ஒன்றில் இரண்டு பழைய பஸ் பேட்டரிகளை வைத்து, ஒன்றோடு ஒன்று கோத்து, ஆம்ப்ளிஃபையருக்கு நேராகக் கொடுத்தேன். இன்வெர்ட்டர் போடவில்லை, அது தன் பங்குக்குக் கொஞ்சம் தின்னும். ஒரு சாயங்காலம் முழுக்க அவள் காதோடு பேசுகிற மாதிரி பாடினால் போதும், தெருக்கோடி வரை கேட்கும். சோதித்துப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

அப்புறம் நடந்ததைக் கேள். பேட்டரிக்கு ஊற்ற நாம் ஏசியில் சொட்டுகிற தண்ணீரைத்தானே பிடித்து வைப்போம். அக்டோபரில் நாள் கணக்காகக் கரண்ட் இல்லை, ஏசி ஓடவில்லை, வாளி காய்ந்து கிடந்தது. நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் ஒரு பேட்டரியில் மட்டம் இறங்கியிருப்பதை உன் அம்மா பார்த்திருக்கிறாள். போன வருஷத் திருவிழாவில் சினித்தா மாதா கோயிலிலிருந்து கொண்டுவந்த தீர்த்தம் அலமாரியில் இருந்தது. அதை எடுத்து ஆறு வாயிலும் அளந்து ஊற்றி மூடிவிட்டாள். மந்திரிக்கும்போது பாதிரியார் அதில் உப்புப் போடுகிறார். உப்பு போனால் ஈயத் தட்டு அரிக்கும், சார்ஜ் ஏறும்போது பிளீச்சிங் பவுடர் வாசனை வரும். வாசனை வந்தது. அவள் தரை துடைத்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

போன மாசம் திருவிழா சாயங்காலம் தெருமுனையில் நின்றோம், நல்ல கூட்டம். மூன்றாவது பாட்டின் நடுவில் ஸ்பீக்கர் ஒரு தடவை உறுமிவிட்டு அடங்கிப்போனது. கூட்டத்தில் ஒருவன், "என்ன எஞ்சினியரே, வண்டிய தள்ளி ஸ்டார்ட் பண்ணணுமா" என்று கேட்டு எல்லாரையும் சிரிக்க வைத்தான். மாதாவுக்கு எடுத்த பாட்டைப் பாதியில் விடக்கூடாது என்பது இந்த ஊர் வழக்கம், உன் மாமா நேரியோ ஃபுர்ரோ மேளத்தை நிறுத்தவே இல்லை. மச்சானின் பேட்டரியைவிடத் தன் மாட்டுத்தோல் எவ்வளவோ மேல் என்று என்னைப் பார்த்துக் கத்திக்கொண்டே தோல் நடுவில் நட்ட கோலை இழுத்தான். அவனுக்கும் கட்டி விஷயம் தெரியாது. நான் உன் அம்மாவைப் பார்த்து வேண்டாம் என்று கையை ஆட்டினேன். அவள் பார்வையைத் திருப்பிக்கொண்டு மைக்கைக் கீழே வைத்துவிட்டு, அத்தனை மேளத்துக்கும் மேலே தொண்டையைத் திறந்து பாடினாள். சிரித்தவனெல்லாம் வாயை மூடிக்கொண்டான். என் ஆயுசில் அவள் அப்படிப் பாடிக் கேட்டதில்லை. மறுநாள் காலையில் வாயில் ரத்தம் வந்தது, சத்தம் வரவில்லை.

தொண்டையில் இருக்கும் கட்டியை வெட்டித்தான் எடுக்க வேண்டும், அதுவரை முணுமுணுக்கக்கூடக் கூடாது, ஒரு வார்த்தை பேசினாலும் மிச்சம் இருப்பதும் போய்விடும் என்கிறார் டாக்டர். கட்டி எப்படிப்பட்டது என்று எடுத்துப் பார்த்த பிறகுதான் தெரியுமாம். இரண்டு தடவை தேதி கொடுத்தார்கள், இரண்டு தடவையும் ஆஸ்பத்திரியில் கரண்ட் இல்லை. என்னிடம் நல்ல பேட்டரி ஒன்று இருக்கிறது, கொண்டுவந்து விளக்கையும் மெஷினையும் நானே ஓட்டித் தருகிறேன் என்றேன். டாக்டர் என் தோளில் தட்டி வீட்டுக்குப் போகச் சொன்னார். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. எத்தனை வாட் வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டுதான் போயிருந்தேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை நெய்லா. எதையும் பிரித்துப் பார்த்தால் சரி செய்யலாம் என்றுதான் எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

இப்போது நான் சொல்வதைக் கவனமாகக் கேள். நாங்கள் போனை எடுத்ததும் நீ, "ஆசீர்வாதம்மா" என்று கேட்கிறாய். பிள்ளை கேட்டுத் தாய் பதில் சொல்லாமல் இருப்பது நம் வீடுகளில் உண்டா? முதல் இரண்டு ஞாயிறும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தாள். போன ஞாயிறு நீ அழுதுகொண்டே மறுபடி மறுபடி கேட்டாய். அவள் வாயைத் திறந்துவிட்டாள். லைன் போனது கரண்டால் இல்லை, நான்தான் கட் பண்ணினேன். இனிமேல் ஒன்றும் கேட்காதே, "அம்மா இருக்கீங்களா" என்றுகூடக் கேட்காதே. எடுத்ததும் நீ வேலை செய்யும் ரொட்டிக் கடைக் கதையைச் சொல், வாய் ஓயாமல் சொல், உனக்கு ஒன்றும் தெரியாத மாதிரியே சொல். அவள் கேட்டுக்கொண்டிருப்பாள்.

அந்த மாவு பிசையும் மெஷின் தொட்டால் சுருக்கென்கிறது என்றாயே, எர்த் இல்லை, விளையாட்டில்லை அது. முதலாளி சரி பண்ணும்வரை ஈரக்கையோடு கிட்டே போகாதே. படித்ததும் இதைக் கிழித்துப் போடு.

அவளுக்கும் சேர்த்து நானே இங்கே எழுதிவிடுகிறேன்: கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும், மகளே, மாதா உன்னைக் காக்கட்டும். இதை இப்போதே வாங்கி வைத்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை அவளிடம் கேட்காதே.

உன் அப்பா,
டால்மிரோ